மூன்றாம் மாடியும் ஐந்நூறாவது யூனிட்டும்

மதுரை கோச்சடையில் ஒரு வாசகி சென்ற ஆண்டு 520 சதுர அடியில் ஒற்றைப் படுக்கையறை கொண்ட வீடு ஒன்றை வாங்கி, தம் அம்மாவுடன் குடிவந்திருக்கிறார். ஒன்பது வீடுகள் கொண்ட கட்டடம்; இவருடையது மூன்றாம் தளம்; லிஃப்ட் இல்லை. சிலிண்டரை மேலே ஏற்றி இறக்க ஆளில்லை என்பதால் சமையல் முழுக்க இன்டக்‌ஷன் அடுப்பில்தான். அதோடு 15 லிட்டர் கீசர், ஒரு டன் ஏ.சி., வாஷிங் மெஷின், பிரிட்ஜ், மூன்று மின்விசிறி, பரண்மேல் ஓர் இன்வெர்ட்டர். அவர் கேட்டிருப்பது இது: "லெஸ்டரில் இருக்கும் என் சித்தப்பா மகன், இரவில் மலிவாகக் கிடைக்கும் மின்கட்டணத் திட்டத்துக்கு மாறிக்கொள்ளச் சொல்கிறான். பக்கத்து வீட்டுக்காரர் த்ரீ பேஸ் வாங்கினால் யூனிட் மூன்றாகப் பிரிந்து பில் குறையும் என்கிறார். எல்லாமே கரண்டில் ஓடும் எங்கள் வீட்டுக்கு எந்தக் கட்டணத்தைத் தேர்ந்தெடுப்பது?" கடிதத்தோடு இந்த ஆண்டின் மூன்று பில்களையும் இணைத்திருக்கிறார். பிப்ரவரி ரீடிங்கில் 430 யூனிட், ஜூனில் 648, அக்டோபரில் 520.

அன்புள்ள சகோதரிக்கு,

பில்களை இணைத்து அனுப்பியதற்கு முதலில் நன்றி. கேள்வி கேட்பவர்களில் பாதிப்பேர் "பில் ரொம்ப வருகிறது" என்று மட்டும் எழுதுகிறார்கள். எத்தனை யூனிட், எந்தத் தேதி என்பது தெரியாமல் மின்பொறியாளர் எவரும் உருப்படியாக எதையும் சொல்ல முடியாது. உங்கள் மூன்று பில்களிலும் விடை ஏறக்குறைய முழுமையாகவே இருக்கிறது.

உங்கள் தம்பி சொல்வது அவர் ஊருக்குச் சரி. இங்கிலாந்தில் மின்சாரத்தை விற்கும் நிறுவனங்கள் பல உண்டு. வீட்டுக்காரர் ஒரு நிறுவனத்தை விட்டு இன்னொன்றுக்கு மாறலாம். எகானமி செவன் என்ற பெயரில் இரவு 7 மணி நேரத்துக்கு விலை குறைவாகவும் பகலில் கூடுதலாகவும் வாங்கும் திட்டம் 1978 முதல் அங்கே இருக்கிறது. அது குளிர்நாட்டுக்காரர்கள் இரவில் வெப்பத்தைச் சேமித்து வைத்துப் பகலில் வீட்டைக் கதகதப்பாக்கிக்கொள்வதற்காக உருவான ஏற்பாடு. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு விற்பவர் ஒருவரே, கட்டணப் பட்டியலும் ஒன்றே. உங்கள் பில்லில் 1ஏ என்று அச்சாகியிருக்கிறதல்லவா, அதுதான் வீட்டுக்கான பிரிவு; அதற்குள் நீங்கள் தேர்ந்தெடுக்க வேறு எதுவும் இல்லை. நேரத்தைப் பொறுத்து விலை மாறுவது இங்கே ஆலைகள் போன்ற பெரிய இணைப்புகளுக்குத்தான். அவர்கள் காலையிலும் மாலையிலும் மின்தேவை உச்சத்தில் இருக்கும் நேரத்துக்குக் கூடுதலாகக் கட்டுகிறார்கள். மத்திய அரசின் 2023-ஆம் ஆண்டு விதி, ஸ்மார்ட் மீட்டர் வந்தபின் வீடுகளுக்கும் நேரவாரிக் கட்டணம் வர வழி செய்திருக்கிறது என்றாலும், இன்றைய தேதியில் உங்கள் மீட்டருக்குப் பகலும் தெரியாது, இரவும் தெரியாது. எனவே நள்ளிரவில் எழுந்து துணி துவைக்க வேண்டிய அவசியம் உங்கள் அம்மாவுக்கு இல்லை.

அப்படியானால் தேர்வே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் அதை நீங்கள் விண்ணப்பத்தில் செய்வதில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்க வருகிறவர் மீட்டரில் காணும் எண்தான் உங்கள் கட்டணத்தைத் தேர்ந்தெடுக்கிறது. அது எப்படி என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் உங்கள் பணம் போவது முழுக்க இந்த இடத்தில்தான்.

வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது 2016 மே மாதம் தொடங்கியது. 2024 ஜூலை 1 முதல் மானியம் போக நாம் கட்டும் விலை, இரண்டு மாத மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு, 201 முதல் 400 வரை 4 ரூபாய் 70 காசு, 401 முதல் 500 வரை 6 ரூபாய் 30 காசு. (2025 ஜூலையில் வந்த உயர்வு வீடுகளின் தலையில் விழவில்லை, அதை அரசே ஏற்றுக்கொண்டது.) மொத்தம் 500-ஐத் தாண்டினால் இரண்டு காரியங்கள் ஒன்றாக நடக்கின்றன. ஒன்று, 501 முதல் 600 வரை 8 ரூபாய் 40 காசு, 601 முதல் 800 வரை 9 ரூபாய் 45 காசு என்று விலை ஏறுகிறது. இது எல்லோருக்கும் தெரியும். மற்றொன்று பலருக்குத் தெரியாது: 101 முதல் 200 வரை கிடைத்துவந்த பாதி விலைச் சலுகை பின்னோக்கிப் போய் ரத்தாகி, அந்த 100 யூனிட்டுக்கும் 4 ரூபாய் 70 காசு வாங்கப்படுகிறது. சரியாக 500 யூனிட் எரித்தவர் 1,805 ரூபாய் கட்டுவார். 501 எரித்தவர் 2,048 ரூபாய் 40 காசு கட்டுவார். அந்த ஒற்றை யூனிட்டின் விலை 243 ரூபாய் 40 காசு.

இப்போது உங்கள் அக்டோபர் பில்லை எடுங்கள். 520 யூனிட்டுக்கு 2,208 ரூபாய். 500-இல் நின்றிருந்தால் 1,805. கடைசி 20 யூனிட்டுக்காக நீங்கள் கொடுத்தது 403 ரூபாய், அதாவது யூனிட்டுக்கு 20 ரூபாய்க்கும் மேல். பிப்ரவரி பில்லில் 430 யூனிட்டுக்கு 1,364 ரூபாய்தான். ஜூனில் 648 யூனிட்டுக்கு 3,333 ரூபாய் 60 காசு. யூனிட் ஒன்றரை மடங்கு ஆனது, பில் இரண்டரை மடங்குக்குச் சற்றுக் குறைவாக ஆனது. மொத்தத் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து "சராசரி 5 ரூபாய்தானே" என்று ஆறுதல் அடைகிறவர்கள் உண்டு. அந்தச் சராசரி எந்த முடிவுக்கும் உதவாது. நீங்கள் ஒரு பொருளை வாங்குவதா, மாற்றுவதா, அணைப்பதா என்று யோசிக்கும்போது பார்க்க வேண்டியது உங்கள் கடைசி யூனிட் எந்த ஸ்லாப்பில், அதாவது எந்த விலைப் படியில், விழுகிறது என்பதை மட்டுமே.

இதற்குச் சமையலே நல்ல சான்று. இரண்டு பேருக்கு இன்டக்‌ஷனில் மூன்று வேளையும் சமைத்தால் நாளுக்கு 1.6 யூனிட் என்று வைத்துக்கொண்டால், 60 நாளில் 96 யூனிட். அதே சமையலை எரிவாயுவில் செய்ய ஏறத்தாழ 10 கிலோ தேவைப்படும். ஒரு கிலோ எரிவாயுவில் 12.8 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் இருந்தாலும், அடுப்பில் மூன்றில் இரண்டு பங்குதான் பாத்திரத்துக்குப் போகிறது, மீதி கையைச் சுட்டுக்கொண்டு ஜன்னல் வழியே போய்விடுகிறது. 14.2 கிலோ சிலிண்டர் 900 ரூபாயை ஒட்டி இருப்பதால், 10 கிலோவுக்கு 630 ரூபாய் என்று கொள்ளலாம். உங்கள் பிப்ரவரி பில்லிலிருந்து கடைசி 96 யூனிட்டைக் கழித்தால் குறைவது 499 ரூபாய். ஆக, அப்போது இன்டக்‌ஷன் மலிவு. ஜூன் பில்லில் கழித்தால் குறைவது 857 ரூபாய். அப்போது எரிவாயு மலிவு. அக்டோபரிலோ, சலுகை திரும்பக் கிடைப்பதையும் சேர்த்தால், 882 ரூபாய் குறைந்திருக்கும். அடுப்பும் அதே, சோறும் அதே; மொத்தம் 500-க்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைப் பொறுத்து லாபம் நட்டமாகிறது. "இன்டக்‌ஷன் மலிவா, காஸ் மலிவா" என்று பட்டிமன்றம் நடத்துகிறவர்கள் இதைக் கேட்பதே இல்லை.

இதைச் சொல்வதால் நீங்கள் எரிவாயு இணைப்பு வாங்கிவிட வேண்டும் என்று பொருளல்ல. லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்கு 30 கிலோ எடையுள்ள சிலிண்டரை ஏற்ற ஆள் தேடுவதைவிட, வேறு இடத்தில் யூனிட்டைக் குறைத்து 500-க்குள் வந்துவிடுவது எளிது. வந்துவிட்டால் இன்டக்‌ஷன்தான் உங்களுக்குச் சரியான அடுப்பு.

எங்கே குறைப்பது என்பதை ஊகத்தில் முடிவு செய்யாதீர்கள். கீழே வாகன நிறுத்தத்தில் மீட்டர் பலகை இருக்கும். உங்கள் மீட்டரின் முகப்பில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மினுக்கும். அதன் அருகே 3200 அல்லது 1600 என்று ஓர் எண் அச்சிட்டிருக்கும். 3200 என்றால், விளக்கு 3,200 முறை மினுக்கினால் ஒரு யூனிட். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, அம்மாவை மாடியில் நிற்கச் சொல்லிச் செல்பேசியில் பேசிக்கொண்டே ஒவ்வொன்றாகப் போடச் சொல்லுங்கள். 2,000 வாட் கீசரைப் போட்டதும் விளக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 107 முறை, அதாவது நொடிக்கு இரண்டு என்ற கணக்கில் படபடக்கும். மின்விசிறி ஒன்றுக்கு நிமிடத்துக்கு நான்கு முறை. பார்த்தவுடனே எது தின்கிறது என்பது மனத்தில் பதிந்துவிடும். நான் எத்தனை விளக்கப்படம் போட்டாலும் அந்தச் சிவப்பு விளக்குக்கு ஈடாகாது.

சில ஆண்டுகளுக்கு முன் திருநகரில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். மீட்டர் தவறாக ஓடுகிறது, சோதனைக்குப் பணம் கட்டப்போகிறேன் என்று உறுதியாக இருந்தார். எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு மீட்டர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். விளக்கு மினுக்கியது, கடிகாரத்தைப் பார்த்தோம், 28 நொடி கழித்து மறுபடியும் மினுக்கியது. 3200 மீட்டரில் 28 நொடிக்கு ஒரு மினுக்கல் என்றால் 40 வாட். அது பரண்மேல் இருந்த இன்வெர்ட்டர். ஆறு வருடத்துப் பழைய பேட்டரி நிரம்பாமலே இருப்பதும், இவர் அதற்கு ஊட்டிக்கொண்டே இருப்பதுமாக, 60 நாளில் 58 யூனிட் போய்க்கொண்டிருந்தது. மீட்டர் பிழையற்றது. உங்கள் பரணிலும் ஓர் இன்வெர்ட்டர் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பேட்டரிக்கு என்ன வயது, கடைசியாக எப்போது டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினீர்கள் என்பதைப் பாருங்கள்.

அடுத்தது மின்விசிறி. ஏ.சி.யைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள், மின்விசிறியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் மதுரையில் ஏ.சி. மூன்று மாதம் ஓடினால் மின்விசிறி பன்னிரண்டு மாதமும் ஓடுகிறது. பழைய வகை 75 வாட் எடுக்கும், பி.எல்.டி.சி. என்ற புதிய மோட்டார் வகை 30 வாட்டுக்குள் அதே காற்றைத் தருகிறது. கூடத்தில் 14 மணி நேரம், படுக்கையறையில் 10 மணி நேரம் என்று இரண்டு விசிறிகள் சேர்ந்து நாளுக்கு 24 மணி நேரம் சுற்றுவதாகக் கொண்டால், இரண்டையும் மாற்றுவதால் 60 நாளில் 65 யூனிட் குறையும். அக்டோபரில் அது நடந்திருந்தால் 520 என்பது 455 ஆகி, பில் 2,208-இலிருந்து 1,521 ரூபாய் 50 காசாக இறங்கியிருக்கும். விசிறி ஒன்று 3,000 ரூபாயை ஒட்டி வருகிறது. இரண்டு வாங்கினால் இரண்டு ஆண்டுக்குள் போட்ட பணம் திரும்பிவிடும். மூன்றாவது விசிறி எப்போதாவது சுற்றுவது என்றால் அதை அப்படியே விட்டுவிடுங்கள். உங்களுக்கு நான் சொல்லும் முதல் செலவு இதுதான்.

கீசரைப் பொறுத்தவரை, நம் ஊர்த் தண்ணீர் குழாயில் வரும்போதே 28 டிகிரியை ஒட்டி இருக்கும். அதை 40 டிகிரிக்குக் கொண்டுவர ஒரு 15 லிட்டர் வாளிக்கு ஏறத்தாழ கால் யூனிட் போதும். செலவு வருவது தண்ணீரைச் சுட வைப்பதில் அல்ல. காலையில் போட்ட ஸ்விட்சை மறந்து, தொட்டியில் உள்ள நீர் ஆறுவதும் மறுபடி சுடுவதுமாக நாள் முழுக்க விட்டுவைப்பதில்தான். குளிப்பதற்குக் கால்மணி நேரம் முன்பு போட்டு, வாளியைப் பிடித்ததும் அணைத்துவிடுங்கள். பங்குனி பிறந்தால் மொட்டை மாடித் தொட்டியில் பிற்பகல் தண்ணீர் கையை வைக்க முடியாதபடி கொதிக்கிறது. அப்போது கீசர் வேண்டியதில்லை, தண்ணீரை ஆற வைக்கத்தான் வழி பார்க்க வேண்டும். போர் தண்ணீரின் உப்பு காயிலில் படிந்தால் கரண்ட் இரண்டு மடங்கு இழுக்கும் என்று கீசர் பழுது பார்க்கிறவர்கள் சொல்வது மிகை. வெப்பம் எப்படியும் தண்ணீருக்குள்தான் போகிறது. உப்புப் படிந்தால் காயில் சீக்கிரம் எரிந்துபோகும். அந்தக் காரணத்துக்காகவே ஆண்டுக்கு ஒருமுறை சுத்தம் செய்தால் போதும்.

ஏ.சி.தான் உங்கள் ஜூன் பில்லைத் தூக்கியது. உங்கள் ரீடிங் இரட்டைப்படை மாதங்களின் முற்பகுதியில் எடுக்கப்படுவதால், அழகர் ஆற்றில் இறங்குவதிலிருந்து அக்னி நட்சத்திரம் முடிந்து மேலும் பத்து நாள் வரை முழுக் கோடையும் ஒரே பில்லில் விழுகிறது. மே மாதம் ரீடிங் எடுக்கும் வீடுகளில் அதே கோடை இரண்டு பில்லாகப் பிரிந்து, இரண்டிலும் ஸ்லாப் தாழ்வாக நிற்கும். இதை மாற்ற உங்களால் முடியாது, தெரிந்து வைத்துக்கொள்ள மட்டும் முடியும். ஏ.சி.யை 22-இல் வைத்துப் போர்வை போர்த்திக்கொள்வதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 2020 ஜனவரி முதல் விற்பனைக்கு வரும் ஏ.சி.கள் போட்டதும் 24 டிகிரியில் தொடங்கும்படி எரிசக்தித் திறன் செயலகம் விதித்திருக்கிறது; ஒரு டிகிரி கூட்டினால் 6 சதவீதம் மிச்சம் என்பதும் அவர்கள் கணக்கே. 26-இல் வைத்து, புதிய விசிறியை நிதானமாகச் சுற்றவிட்டால் ஏ.சி. எடுத்துக்கொள்ளும் 250 யூனிட்டில் 50, 55 குறையும். விசிறி, கீசர், இன்வெர்ட்டர் எல்லாம் சேர்ந்தால் 648 என்பது 500-இன் அருகே வரும், ஆனால் அதற்குள் வந்தே தீரும் என்று நான் வாக்குத் தர மாட்டேன். மே மாதத்தில் 500 என்ற வேலியைத் தாண்டாதிருப்பதற்காக வயதான அம்மாவைப் புழுக்கத்தில் படுக்க வைக்க வேண்டாம். ஆண்டில் ஆறு பில்களில் ஒன்று தாண்டினால் தாண்டட்டும். மற்ற ஐந்தும் காரணமே இல்லாமல் தாண்டக் கூடாது, அக்டோபர் பில்லைப் போல.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன த்ரீ பேஸ் விஷயம். மும்முனை இணைப்பில் மூன்று முனைகளிலும் ஓடுவதைக் கூட்டி ஒரே எண்ணாகத்தான் மீட்டர் காட்டும். ஸ்லாப் அந்த ஒரே எண்ணுக்குத்தான். யூனிட் மூன்றாகப் பிரிவது என்பது நான் முப்பது ஆண்டாகக் கேட்டுவரும் கதை, அது எந்த வீட்டிலும் நடந்ததில்லை. ஆனால் வேறொரு காரணத்துக்காக உங்களுக்கு மும்முனை தேவைப்படலாம். கீசர் 2,000 வாட், இன்டக்‌ஷன் 1,800, ஏ.சி. 1,000, மற்றவை 500 என்று கூட்டினால் 5 கிலோவாட்டைத் தாண்டுகிறது. 4 கிலோவாட்டுக்கு மேல் மும்முனை என்பது விதி. உங்கள் பில்லில் லோடு, அதாவது இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட மின்சுமை, 3 கிலோவாட் என்று இருக்கிறது. வீட்டு இணைப்புக்கான நிலைக்கட்டணம் 2022 செப்டம்பரிலேயே நீக்கப்பட்டுவிட்டதால், லோடைக் கூட்டினாலும் மும்முனைக்கு மாறினாலும் பில்லில் மாதவாரியாக எதுவும் ஏறாது. ஒருமுறை கட்டும் மேம்பாட்டுக் கட்டணமும் வைப்புத்தொகையும் வயரிங் செலவும்தான். விண்ணப்பிப்பதற்கு முன் இணைப்பைக் கட்டுநர் பெயரிலிருந்து உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பத்திர நகல் இருந்தால் போதும், அதில் சிக்கல் இல்லை. மாற்றும் வரை கீசர் ஓடும்போது அடுப்பைப் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வயரிங்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1,800 வாட் அடுப்பு 8 ஆம்பியர் இழுக்கும். அதை மிக்சிக்கான 6 ஆம்பியர் பிளக்கில், கன்வர்ட்டர் குமிழ் ஒன்றை இடையில் செருகி ஓட்டும் வீடுகளை நான் வாரம் ஒன்றாவது பார்க்கிறேன். அந்தக் குமிழைப் பிடுங்கிப் பார்த்தால் பித்தளை முள் நீலம் பாய்ந்து, சுற்றியுள்ள வெள்ளை பிளாஸ்டிக் காப்பித்தூள் நிறத்துக்கு வந்திருக்கும், தொட்டால் பொடியும். உங்கள் அடுப்புக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் தனியாக வரும் 16 ஆம்பியர் பிளக் வேண்டும், கீசருக்கும் ஏ.சி.க்கும் 4 சதுர மில்லிமீட்டரில் தனித்தனி லைன் நல்லது. மின்கசிவு ஏற்பட்டால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று பலகையில் இல்லாமல் குளியலறைக் கீசரைத் தொடவே தொடாதீர்கள்.

சமையலறைக்கு மட்டும் தனி மீட்டர் வாங்கி இன்னொரு 100 யூனிட் இலவசம் பெறலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். கூடாது, ஒரு குடியிருப்புக்கு ஓர் இணைப்புதான். உங்கள் கட்டடத்தின் பொது மோட்டார், படிக்கட்டு விளக்குக்கான பில் தனியாக வரும். 10 வீட்டுக்கு மிகாமல், மூன்று தளத்துக்கு மிகாமல், லிஃப்ட் இல்லாமல் இருக்கும் கட்டடங்களுக்கு 2023 நவம்பர் முதல் இந்தப் பொதுப் பயன்பாட்டுக்குக் குறைந்த கட்டணம் உண்டு. உங்கள் கட்டடம் மூன்று நிபந்தனையிலும் தேறுகிறது. சங்கச் செயலாளரிடம் பில்லை வாங்கி எந்த விலை போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

மொட்டை மாடியில் சூரிய மின்தகடு போடுவதும் நல்ல யோசனைதான். பி.எம். சூர்ய கர் திட்டத்தில் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் வீதம் 2 கிலோவாட் வரை மானியம் கிடைக்கிறது. நம் வெயிலுக்கு ஒரு கிலோவாட் நாளுக்கு 4 யூனிட் தரும், 60 நாளில் 240. உங்கள் ஜூன் பில்லில் அது மட்டுமே 2,100 ரூபாயைக் குறைத்திருக்கும். ஆனால் மொட்டை மாடி ஒன்பது பேருக்கும் பொது. 100 சதுர அடி இடத்துக்கு மற்ற எட்டு வீட்டாரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் கையில் வரும்வரை எந்த விற்பனையாளருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

எல்லாவற்றையும் கரண்டுக்கு ஒப்படைத்த வீட்டில் இன்னொரு சங்கடம் உண்டு: பராமரிப்புக்கான மின்தடை நாள். காலை 9 மணிக்குப் போனால் மாலை 5 மணிக்குத்தான் வரும். உங்கள் இன்வெர்ட்டர் விசிறியைச் சுற்றும், இன்டக்‌ஷனை ஓட்டாது. அந்த நாளுக்கென்று 5 கிலோ சிலிண்டர் ஒன்றும் ஒற்றை அடுப்பும் வைத்துக்கொள்ளுங்கள். கிலோ கணக்கில் பார்த்தால் விலை கூடுதல்தான். ஆனால் அடையாள அட்டையைக் காட்டினால் கிடைக்கும், நீங்களே கையில் தூக்கிக்கொண்டு படியேறிவிடலாம். ஏ.சி. ஓடும் அந்த இரண்டு மாதமும் பருப்பு வேகவைக்க இதையே பயன்படுத்தினாலும் பெரிய நட்டமில்லை.

கடைசியாக, உங்கள் அக்டோபர் பில்லில் எனக்குப் பட்ட ஒன்று. முந்தைய ரீடிங் ஆகஸ்ட் 9, இந்த ரீடிங் அக்டோபர் 12. அதாவது 64 நாள். 520 யூனிட்டை 64-ஆல் வகுத்தால் நாளுக்கு 8.1. அக்டோபர் 9 அன்றே எடுத்திருந்தால் 61 நாளுக்கு 496 யூனிட்தான் இருந்திருக்கும். நீங்கள் வேலியைத் தாண்டியிருக்க மாட்டீர்கள். மூன்று நாள் தாமதம் இந்த ஒரு பில்லில் 400 ரூபாய்க்கு மேல் ஏற்றியிருக்கிறது. நாள் கூடினாலும் ஸ்லாப் கூடுவதில்லை. இரண்டு தேதியையும் குறிப்பிட்டு உங்கள் பகுதி உதவிப் பொறியாளருக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணிலும் பதிவு செய்யுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் மின்பகிர்மான வட்டத்தின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது. பணம் திரும்பி வருமா என்பது வேறு. அடுத்த முறை தேதி தள்ளாமல் இருக்க அந்தக் கடிதம் உதவும்.

அடுத்த ரீடிங்குக்கும் 64 நாள் ஆகும் என்றே வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். 500-ஐ 64-ஆல் வகுத்தால் நாளுக்கு 7.8 யூனிட். அக்டோபர் 12 பில்லில் உள்ள முடிவு ரீடிங்கைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்து, டிசம்பர் 1 அன்று கீழே இறங்கி மீட்டரைப் படம் பிடியுங்கள். அன்றைக்கு 50 நாள் ஆகியிருக்கும். இரண்டு எண்ணுக்கும் இடையே வித்தியாசம் 390-க்குள் இருந்தால் மீதி நாளுக்கு எதையும் மாற்ற வேண்டாம், தாண்டியிருந்தால் அன்று மாலையே கீசர் ஸ்விட்சிலிருந்து தொடங்குங்கள்.